நிச்சயத் தட்டில் வைத்த மிளகுக்கொடி

கண்ணு,

நேற்று நீ போனில் அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, என்ன சொல்கிறாய் என்று தெரிந்துகொள்ள. இரண்டாவது தடவை, உன் அப்பாவுக்குக் கேட்க வைக்க. மூன்றாவது தடவை, உன் குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு வரும்போது யார் யாருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்பது ஒன்று. வாழவந்தியில் பெண் வீட்டுக்குப் போய், நிச்சயத் தட்டில் வைத்ததைத் திருப்பிக் கேட்டாயாமே, உண்மையா என்பது இன்னொன்று. கடலுக்கு நடுவே சீஷெல்ஸ் தீவில், ஓட்டல் சமையலறையில் நிற்கிற உனக்கு எட்டே நாளில் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நம் மலையில் பஸ் கூட இத்தனை ஒழுங்காக வருவதில்லை. உண்மைதான், கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதை போனில் பேசிச் சொல்ல எனக்கு வராது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எழுதினால்தான் எனக்கே விஷயம் விளங்கும். பக்கங்களை உன் அப்பா படம் பிடித்து அனுப்புவார். வரிசை மாறி வந்தால் அவரைத் திட்டிக்கொள், என்னைத் திட்டாதே.

முதலில் சுலபமான கேள்வியை முடித்துவிடலாம். நீ முதல் தடவை லீவில் வந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது. பெட்டியை நடுவீட்டில் வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார, நான் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் பரிசு கொடுத்துப் பழகிய புத்தி. பெரிய மாமாவுக்கு சென்ட் பாட்டில், சின்ன மாமாவுக்கு சோப்பு. என் கூடப் பிறந்த இரண்டு பேரில் யார் உசத்தி என்று ஊர் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சின்ன மாமா சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். போகும்போது சோப்பை ஜன்னல் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் நம் வீட்டுத் திசையில் தலை வைத்துப் படுக்கவில்லை. நீ ஏதோ தப்பாக வாங்கிவிட்டதாக உன்னைக் கடிந்துகொண்டேன். பட்டியல் போட்டவளும் நான், பிரித்தவளும் நான். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

அதனால் இந்தத் தடவை பெட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் திறக்காதே. அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கையில் கொடு. மாமாக்கள் இருவருக்கும் ஒரே சாமான், ஒரே நிறம். சித்திக்கு சென்ட் வேண்டாம். போன தடவை கொடுத்தது மூடி திறக்காமல் பீரோவில் பட்டுச்சேலைக்குள் இருக்கிறது. உன் அப்பாவுக்குத் தென்னைமரம் போட்ட பனியன் இனிமேல் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தால், சாமியாருக்கே பிரசங்கம் மறந்துபோகிறது. எஸ்டேட் ஜீப் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகுக்குத் தடவ ஏதாவது தைலம் கிடைத்தால் வாங்கு. பட்டை, வெனிலா என்று காய்ந்த சரக்கு கொஞ்சம், கடையில் கட்டி முத்திரை ஒட்டியது மட்டும். உயிருள்ளது எதுவும் வேண்டாம். விதை, வேர், கொப்பு, கிழங்கு, மண் ஒட்டிய கிளிஞ்சல்கூட வேண்டாம். இத்தனை கண்டிப்பு எதற்கு என்றால், உன் இரண்டாவது கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் உன் தீவுக்குக் கூட்டிப்போனாய். அதுவரைக்கும் கன்னியாகுமரியோடு கடல் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வெள்ளை மணலும், தண்ணீருக்குள் முட்டி போட்டுக் கிடக்கிற பெரிய பெரிய பாறைகளும் எல்லாரும் படம் எடுக்கிற அழகுதான், எடுத்துக்கொண்டோம். ஆனால் எனக்கு அந்தப் பயணத்தில் நிலைத்தது வேறு. மூன்றாம் நாள் உன் சமையலறை வாசலில் நின்றேன். வெள்ளைக் கோட்டு, உயரத் தொப்பி, சுற்றிலும் ஏழெட்டுப் பேர் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ ஒரு சட்டியிலிருந்து ஒரு சொட்டைக் கையில் விட்டு ருசி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாய், உடனே தட்டுகள் கிளம்பின. சேலத்தில் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, ஆம்பளைப் பிள்ளை கரண்டி பிடிக்கவா இத்தனை படிக்க வைத்தேன் என்று ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான். அந்த வாசலில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நீ வேலைக்குப் போன பிறகு, ஊழியர்கள் குடியிருப்புக்குப் பின்பக்கம் சும்மா நடந்தேன். ஒரு மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. நம் தோட்டத்தில் ஒரு சரம் விரல் நீளம் வந்தால் நல்ல காய்ப்பு என்போம். அங்கே ஒரு சாண் நீளம், அதுவும் இடைவெளி இல்லாமல் மணி பிடித்து. எனக்குக் கை துறுதுறுவென்றது. நான் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கொப்பு ஒடிக்காமல் திரும்பியதில்லை என்பது உனக்குத் தெரியும். கேட்டு வாங்கின செடி பட்டுப்போகும், திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று நாங்கள் பெண்கள் சொல்லிச் சிரிப்போம். கன்னியர் மடத்து ரோஜா நம் வாசலில் எப்படிப் பூத்தது என்று நினைத்தாய்? ஆறு துண்டு ஒடித்து, ஈரத் துண்டில் சுற்றி, என் ரவிக்கைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். விமான நிலையத்தில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பெட்டிக்குள்ள செடி கிடி ஏதும் இல்லியேம்மா? கொண்டு போகக் கூடாதும்மா, நோயெல்லாம் கூட வந்துரும்" என்று கேட்டாய். "இல்ல சாமி" என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய் கொஞ்சமும் குழறவில்லை. மும்பைச் சுங்கச் சோதனையில் அறிவிக்க ஒன்றுமில்லை என்கிற வழியாக நிமிர்ந்து நடந்து வந்தேன். உன் அப்பாவுக்கும் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும்.

ஆறில் நான்கு வேர் விட்டது. பாலிதீன் பையில் மணலும் தொழு உரமும் போட்டு, மிளகாய் நாற்றைப் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தேன். இரண்டை நம் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். ஒன்றை ரெஜினாவுக்குக் கொடுத்தேன். நம் வேலிக்குக் கீழே இருக்கிற ரெஜினாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், உன்னிடம் காய்ச்சல் என்று சொல்லி மறைத்தோம். சேலத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் என் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். தீவிலிருந்து கொண்டுவந்த மற்றவை எல்லாம் ஊருக்கு. அந்தக் கொடி அவளுக்கென்று பிரியமாகக் கொடுத்தது. நான்காவதைத் தொட்டியிலேயே வளர்த்து வைத்திருந்தேன். இந்த ஆவணியில் அனிதாவுக்கும் உனக்கும் நிச்சயம் செய்தபோது, நம் தட்டில் பூ, பழம், சேலையோடு, மார் உயரம் வளர்ந்த அந்தக் கொடியையும் தொட்டியோடு தூக்கி வைத்தேன். மாப்பிள்ளை இருக்கிற தீவிலிருந்து வந்த மிளகு என்று சபையில் சொன்னேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டு மாற்றிக்கொண்ட பிறகு அனிதாவின் அப்பா ஆரோக்கியம் அதைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போய், வாசலுக்கு நேராக இருக்கிற மரத்தடியில் வைத்து, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டினார். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை பார்த்துக்கொண்டே, தன் சொந்த ஒரு ஏக்கரில் மிளகை அவர் வளர்த்திருக்கிற நேர்த்தியை வாழவந்தியே வந்து பார்க்கும்.

புரட்டாசிக் கடைசியில் நம் தோட்டத்தில் வைத்த இரண்டு கொடியிலும் இலையில் கறுப்புப் பொட்டு விழுந்தது. நான்கே நாளில் இலை கொட்டியது, தண்டு அடியில் கருகி, தொட்டால் கையோடு வந்தது. பக்கத்திலிருந்த நம் பழைய கொடி மூன்றும் சேர்ந்து போயின. வாடல் நோய் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்த மனுஷி என்ன செய்திருக்க வேண்டும்? பிடுங்கி அங்கேயே கொளுத்திவிட்டு, ரெஜினாவிடமும் வாழவந்தியிலும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் பிடுங்கினேன், வேலிக்கு அந்தப் பக்கம் சரிவில் எறிந்தேன், கை கழுவினேன். கல்யாணம் நிச்சயமான வீட்டில் ஏன் இந்தப் பேச்சு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் பேய் மழை. சரிவில் எறிந்ததை எல்லாம் மழைத்தண்ணீர் ரெஜினாவின் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஐப்பசியில் அவள் கொடிகள் ஒவ்வொன்றாகக் கருக ஆரம்பித்தன, அவள் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த கொடிகள் உட்பட.

தோட்டப்பயிர் அதிகாரி ஒருவரை அவள் கூட்டிவந்து காட்டினாள். நானும் போய் நின்றேன். புதிதாக வெளியிலிருந்து ஏதாவது செடி வைத்தீர்களா என்று அவர் கேட்டார். "டீச்சரக்கா குடுத்த கொடி ஒண்ணு வச்சனுங்க, அவங்க பையன் இருக்கற தீவுல இருந்து வந்தது" என்றாள் ரெஜினா. அவர் என் பக்கம் திரும்பி, "உங்க தோட்டத்துல அது எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் மேலே ஏறி வந்து பார்க்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். அப்படியானால் மழைக்கு முன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அடித்தீர்களா என்று கேட்டார். ரெஜினாவின் வீட்டுக்காரர் ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் அடித்திருந்தார். அவ்வளவுதான், பழி அந்த மனுஷன் தலையில் விழுந்தது. ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அவள் அவரை வைவது வேலி தாண்டி எனக்குக் கேட்கும். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருக்கிறேன். கண்ணு, என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கேவலமான வேலை அதுதான். கொப்பு திருடியதை மன்னிக்கலாம், இதை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்த மனுஷன் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை கீழே இறங்கிப் போனேன். ரெஜினா இடுப்பில் கூடை கட்டிக் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ரெஜினா, உங்க ஊட்டுக்காரர் மேல தப்பே இல்ல. நா குடுத்த கொடிதான். எங்களுது உங்களுதுக்கு முன்னாடியே போயிருச்சு. புடுங்கிச் சரிவுல வீசிட்டு, ஆபீசர்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் பறிப்பதை நிறுத்தினாள். "எத்தன நாளாத் தெரியுங்கக்கா?"

"புரட்டாசிக் கடைசியில இருந்து."

"நா அந்த மனுசன வைதது உங்க காதுல உழுந்துச்சுங்களா?"

"உழுந்துச்சு."

அவள் மறுபடி பறிக்க ஆரம்பித்தாள். இரண்டு செடி பறித்து முடித்தாள். நான் திரும்பி நடந்தபோது, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "வாழவந்திக்குச் சொல்லியாச்சுங்களா?"

அங்கே கொடி நன்றாகத்தான் இருக்கிறதாம், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னா, பொண்ணக் குடுத்தவங்க வாயத் தொறக்க முடியாது. அதுக்குத்தானுங்கக்கா?" என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நினைத்திருந்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். தட்டில் வைத்துக் கொடுத்ததைக் கேட்டு வாங்கினால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம், நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் அப்பாவிடம் சொன்னதும், "வச்ச தட்டக் கேக்கப் போற ஊட்டுல நா எந்த மூஞ்சிய வச்சுட்டு நிக்கறது? நா வரல" என்றார். அப்புறம் மனசு கேட்காமல் வண்டியை எடுத்தார். வாழவந்தி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றுகொண்டு, நீயே போய்க்கொள் என்று என்னை இறக்கிவிட்டார். ஆரோக்கியம் அண்ணன் என்னைக் கண்டதும் கொடியைத்தான் முதலில் காட்டினார். "பாருங்க சம்பந்திம்மா, மூணு மாசத்துல எங்க ஏறிருச்சுன்னு. உங்க கை ராசிங்க" என்றார். அது மூங்கில் தட்டிக்கு மேலே பளபளவென்று ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் அவர் பதினைந்து வருஷமாக வளர்த்த கொடிகள், பச்சைச் சரம் தொங்கத் தொங்க. மாசியில் பறிக்கிற பக்குவம். நோய் வெளியே தெரிகிறபோது வேருக்குள் எப்போதோ வந்துவிட்டிருக்கும் என்று அந்த அதிகாரி சொன்னது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருடியது, பொய் சொன்னது, ரெஜினா தோட்டம் போனது, எதையும் மறைக்கவில்லை. "அந்தக் கொடியப் புடுங்கி எங்கிட்டக் குடுத்துருங்கண்ணா. இங்கயே வச்சிருந்தா உங்களுதும் போயிரும்" என்றேன். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தட்டுல வச்சதத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன். கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"ஊரு அப்படிப் பேசாதுங்களே."

வாசல் பாதையில் காபிச் சாக்கு தூக்கிப் போன இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "குடுக்க முடியாதுங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். அனிதா கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் வந்தால் பகை என்றாகிவிடும் என்று, சர்க்கரை போட மறந்த அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம், உன் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அந்த எட்டு நாளில்தான் செய்தி உன் தீவு வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்று நாகலூர்ப் பஸ்ஸில் பேச்சு. முந்தாநாள் அனிதா ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக ஏற்காட்டுக்கு வந்தவள், நேராக நம் வீட்டுக்கு வந்தாள். நான் அவளை உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றேன். "அத்தை, அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. எனக்குச் சொல்லாம இருக்க முடியலீங்க" என்றாள். நான் போன மறுநாள் விடிந்ததும் அவர் அந்தக் கொடியைப் பிடுங்கி, வேரடி மண்ணோடு அங்கேயே கொளுத்தியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த மரத்திலும் அதைச் சுற்றி இருந்த ஐந்து மரத்திலும் ஏறியிருந்த தன் கொடிகளை, ஒரு இலைகூட வாடாத கொடிகளை, பச்சைச் சரத்தோடு அறுத்துப் போட்டுக் கொளுத்தி, குழியெல்லாம் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம், கல்யாணப் பந்தலுக்கு இடம் பற்றவில்லை, அதனால் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

"எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்தா, அத்தை அத ஊரு பாக்கத் தூக்கிட்டுப் போகோணும். அது அவங்களுக்குத் தலகுனிவு. நம்ம ஊட்டு வாசல்ல நாம என்ன செஞ்சா யாரு கேக்கப் போறாங்கன்னு அப்பா சொன்னாருங்க" என்றாள் அனிதா. பிறகு மெதுவாக, "அறுக்கறப்ப மட்டும் அழுதாருங்க" என்றாள். நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணு, என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷன் பதினைந்து வருஷத்து உழைப்பைக் கொளுத்தினார். ஆனால் அதை அப்படியே விட என்னால் முடியாது. அவர் தோட்டத்துக்குக் கீழே நான்கு வீட்டுத் தோட்டம் இருக்கிறது. ஐப்பசி மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கியது. பந்தலுக்காக எடுத்தது என்று நம்பிக்கொண்டிருந்தால் அவர்கள் யாரும் தங்கள் கொடியின் அடியைக் குனிந்து பார்க்கமாட்டார்கள். நான் ரெஜினாவுக்குச் செய்த அதே காரியத்தை இன்னும் நான்கு வீட்டுக்குச் செய்ததாக ஆகும், இந்தத் தடவை வாயைத் திறக்காமலே. அதனால் இன்று காலை ஆரோக்கியம் அண்ணனுக்கு போன் செய்து, நாளைக்கு நானே வந்து அந்த நான்கு வீட்டிலும் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். கல்யாணம் முடியட்டுமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். முடியாது என்றேன். பிறகு, "எத்தன மணி பஸ்ஸுல வாறீங்க? நா ஸ்டாப்புல நிக்கறனுங்க" என்றார். ரெஜினாவும் வருகிறாள். என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மருந்து கலக்கிற அளவை டீச்சர் தப்பாகச் சொல்லிவைப்பார் என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னாளாம், அதற்காக வருகிறாளாம். வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் இப்போது கேட்கிறது. அது போதும் எனக்கு.

நாளைக்குப் பிறகு வாழவந்தி முழுக்க என்னைப் பற்றிப் பேசும். தை பிறந்து உன் கல்யாணம் வரும்போதும் அது ஓயாது. படித்தவள், டீச்சர், தீவில் போய்க் கொப்பு திருடி ஊருக்கே நோய் கொண்டுவந்தவள் என்பார்கள். உன் காது படவே சொல்வார்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இருக்காது. எனக்கு அதில் பயமில்லை, நான் தாங்கிக்கொள்வேன். உன்னை நினைத்துத்தான் கொஞ்சம் கலக்கம். நீ முன்கோபி, என்னை யாரும் ஒரு சொல் சொல்லப் பொறுக்கமாட்டாய். அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். அந்தப் பந்தலில் நீ மாலையோடு நிற்கும்போது யாராவது வந்து, அந்த டீச்சர் உங்கள் அம்மாதானா என்று கேட்டால், சண்டைக்குப் போகாதே, தலையைக் குனியாதே. கேட்டவரின் முகத்தைப் பார்த்து, ஆமாங்க, எங்கம்மாதான் என்று சொல்.